கண்ணாடிப் பெட்டியில் இருந்த குத்து

ராயபுரத்தில் பாஸ்கல் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காபி கிடையாது, கதைதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரைத் தோளில் கைபோட்டுத் திருப்பி, இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிடுவார். கேஸ் சிலிண்டர் போட வந்தவனும் நிற்க வேண்டும், ஓட்டுக் கேட்டு வந்தவனும் நிற்க வேண்டும், வீடு மந்திரிக்க வந்த ஃபாதரும் நிற்க வேண்டும். அடைக்கலமேரி இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. கதை ஆரம்பித்தால் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைப்பாள். பால் பொங்குகிற நேரத்துக்குக் கதையும் சரியாக முடியும்.

பெட்டிக்குள் நாலே நாலு சாமான். முதலாவது ஒரு தோல் பட்டை. கையில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும், கட்டை விரல் நுழைய ஓட்டை உண்டு, உள்ளங்கை வருகிற இடத்தில் சின்னச் சின்னக் குழி விழுந்த இரும்பு வில்லை ஒன்று தைத்திருக்கும். அடுத்தது ஒரு முழ நீளக் கட்டை, ஒரு முனை கூர், பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகிப்போனது. மூன்றாவது மரச் சுத்தி. அதன் தலையில் யாரோ வேலை மெனக்கெட்டு நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்கள். கடைசியாக மரமூடி போட்ட ஒரு மாட்டுக் கொம்பு. அதற்குள் இறுகிப் போன பழைய கொழுப்பு.

"இது யாரு சாமான்னு நெனச்ச? எங்க தாத்தா சவரிராயனுது" என்று ஆரம்பிப்பார் பாஸ்கல். "ஹார்பர்ல ஒரு வெள்ளைக்கார மாலுமி. ஆளு ஆறடி. எவன் வர்றீங்க சண்டைக்குன்னு கூவிகினு நிக்கிறான். அல்லாரும் தல குனிஞ்சிகினு கீறானுங்க. தாத்தா இத பீச்சாங்கைல மாட்டிகினு போயி வுட்டாரு பாரு ஒண்ணு. அத்தோட கப்பலேறி ஊருக்குப் போனவன்தான். இந்தக் கட்ட கீதே, எக்சர்சைஸ் பண்றதுக்கு. சுத்தி ரவுண்டுக்கு ரவுண்டு மணி அடிக்கிறதுக்கு. கொம்புல கீறது மூஞ்சில தடவிக்கிற கொயுப்பு. தடவிகினா எதிராளி குத்து வயிக்கிகினு பூடும்."

இந்தக் கதைக்கு விதை போட்டது பாஸ்கல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாலிபத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரணில் ஒரு கோணிக்குள் இந்த நாலும் கிடைத்தன. எடுத்துக்கொண்டு நேராகப் போனது பக்கத்துத் தெரு பாக்ஸிங் மாஸ்டரிடம். அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அந்தக் காலத்துல இரும்ப உள்ள வெச்சிதான்டா குத்துவானுங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டார். வேறு ஊராக இருந்தால் குதிரைக்குக் கட்டுவது என்று சொல்லியிருப்பார்கள், மாட்டுக்குக் கட்டுவது என்று சொல்லியிருப்பார்கள். தெருவுக்கு ரெண்டு பேர் மூக்கு கோணலாகத் திரிகிற இந்தப் பக்கத்தில் கையில் மாட்டுகிற தோலைப் பார்த்தால் வேறு எது ஞாபகம் வரும். எல்லோர் கையிலும் ஃபோன் வந்த பிறகும் யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தால்தானே தேடுவதற்கு.

பாஸ்கலுக்குக் கண் பார்வை சின்ன வயசிலேயே போதாது. சோடாபுட்டிக் கண்ணாடிக்காரனை எவன் ரிங்கில் ஏற்றுவான். ஹார்பரில் கிரேனில் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளி ஓய்வும் பெற்றுவிட்டார். அதனால் மகன் சைமன் ரெண்டு வயசில் இடது கையால் சோற்றை அள்ளியபோது மனுஷன் அழுதேவிட்டார். "தாத்தா மாரியே பீச்சாங்கை" என்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

சைமனுக்கு இப்போது இருபத்துநாலு. கை என்றால் கை, முறம் மாதிரி. மனசுதான் சண்டைக்கு ஆகாது. எதிராளி முகத்தில் ஒரு குத்து சரியாக விழுந்துவிட்டால் "சாரி தலீவா" என்பான். அவன் நிமிர்ந்து இவனுக்கு ரெண்டு கொடுப்பான். ஐந்து சண்டை போட்டு ஐந்திலும் தோற்றாகிவிட்டது. மூக்கு ரெண்டு தடவை உடைந்தது. இன்னொரு தடவை அடிபட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூங்கும்போது அவன் மூக்கிலிருந்து விசில் வரும். அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே அடைக்கலமேரி எத்தனையோ நாள் ஜெபமாலை சொல்லியிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போது தெரு சங்கத்துச் செயலாளர் லட்சுமணன் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குத்துச்சண்டை. கடைசி வரியில் கொட்டை எழுத்தில், "சவரிராயன் கொள்ளுப்பேரன் சைமன்."

"யார கேட்டுப் பேரு குடுத்த?" என்றாள் அடைக்கலமேரி.

"யார கேக்கணும்? ரத்தத்துல கீது, வராமயா பூடும்" என்றார் பாஸ்கல்.

சைமன் தட்டில் இருந்த இட்லியை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். வேலை திருவொற்றியூர்ப் பக்கம் சௌக்கத் அலி பாயின் தார்ப்பாய்க் கடையில். லாரிக்கும் டிரெய்லருக்கும் போர்த்துகிற பாயைத் தைப்பது. பாஸ்கல் வெளியே அப்படிச் சொல்ல மாட்டார். கேட்டவர்களிடம் "மணலில கம்பெனில கீறான்" என்பார்.

வியாழக்கிழமை சங்கரா மீன் மலிவாகக் கிடைத்தது. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். சைமனுக்கு மாங்காய் போட்ட குழம்பு என்றால் உயிர். சோத்துக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவனிடம் தனியாகப் பேச வேண்டும், "நான் வரல நைனா" என்று ஒரு வார்த்தை அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அதுதான் கணக்கு. வழியெல்லாம் ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் நத்தை மாதிரி ஊர்ந்தன. மேற்கிலிருந்து மணலி ஆலைகளின் நாற்றக் காற்று அடித்தது. ஆட்டோவில் இருந்தவர்கள் முந்தானையையும் கர்ச்சீப்பையும் மூக்கில் வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தாமல் பேசினார்கள்.

கடை வாசலில் தரை முழுக்க ஒரு பச்சைத் தார்ப்பாய் விரிந்திருந்தது. அதன்மேல் சௌக்கத் அலி பாயும் சைமனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நேர்த் தையல் மிஷினில் ஓடிவிடும். மூலையும் கயிற்று ஓரமும் கையால்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஒரே இழுப்பில் பிய்த்துவிடும்.

"வாம்மா மேரி, நெயல்ல குந்து" என்றார் பாய். தாடி மட்டும் வெளுத்த, வாட்டசாட்டமான மனுஷன். "இன்னா கேரியர்ல, மீனா? தெருமொனையிலயே வாசன வந்துருச்சி."

அடைக்கலமேரி உட்கார்ந்தாள். மகனைப் பார்த்தாள். மகனுடைய இடது கையைப் பார்த்தாள். சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த ஒரு பட்டை, கட்டை விரலுக்கு ஓட்டை, உள்ளங்கையில் இரும்பு வாஷர் ஒன்று. கோணி ஊசியைத் தார்ப்பாயில் குத்தி, அதன் பின்பக்கத்தை அந்த வாஷரால் ஒரு அழுத்து அழுத்தினான். ஊசி வெண்ணெயில் போகிற மாதிரிப் போனது. பக்கத்தில் ஒரு டப்பாவில் கிரீஸ், அதில் ஊசிகள் சொருகியிருந்தன. கயிற்றின் புரியை ஒரு கூர்க் கட்டையால் நெம்பிப் பிரித்து, உள்ளே இன்னொரு கயிற்றை நுழைத்தான்.

கேரியரைத் தரையில் வைத்துவிட்டு அவள் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"பாய், அது இன்னா கைல?"

"இது ஒம் புள்ள செஞ்சதும்மா. மின்னல்லாம் கைல துணிய சுத்திகினு தள்ளுவோம். உள்ளங்கை கியிஞ்சி ரத்தம் வந்துரும். இவன் வேலைக்கு வந்த ரெண்டாம் நாளு பஞ்சர் கடைக்குப் போயி டியூப் வாங்கியாந்தான், வாஷர் வெச்சித் தைச்சான். இப்ப கடைல அல்லாரும் இதத்தான் மாட்டிக்கிறோம். மூளக்காரப் பையன். சரி, பாங்கு சொல்லிட்டாங்க, நான் தொயுதுட்டு வந்துர்றேன். எனக்கு ஒரு துண்டு மீன் வையி."

பாய் போனதும் அவள் மகனைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது.

"எத்தினி நாளா தெரியும் ஒனக்கு?"

"ரெண்டாம் நாள்லருந்து."

"ரெண்டு வருசமாவா. வாயில இன்னா கொயக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

"பொட்டில கீறத மனசுல வெச்சிகினுதாம்மா இத செஞ்சேன். மாட்னதும் தெரிஞ்சி போச்சி. அந்தக் கட்ட கயிறு பிரிக்கிறது. கொம்பு ஊசி துரு புடிக்காம இருக்க. சுத்தி கீதே, கயித்து மேல நூலு சுத்துறப்ப அந்த வாய்க்கால் கயித்துல குந்திகினு நூல இறுக்கிகினே போவும். தாத்தா பாக்ஸர் இல்லம்மா. கப்பல்ல பாய் தைக்கிறவரு."

"நைனாகிட்ட ஏன்டா சொல்லல?"

சைமன் ஊசியைக் கிரீஸில் சொருகினான். "சொல்லிட்டு? ரிட்டேர் ஆனப்பறம் நைனாக்கு வேற இன்னாம்மா கீது? கிரேனும் பூடுச்சி, கண்ணும் பாதி பூடுச்சி. எவனாச்சும் வூட்டுக்கு வந்து அந்தப் பொட்டி மின்னாடி நிக்கிறப்பதான் அவரு மூஞ்சி நல்லாகீது. அதப் புடுங்கிகினு எனக்கு இன்னா ஆவப் போவுது?"

"அதுக்குன்னு மூக்க ஒடச்சிக்குவியா?"

"மூக்கு ஒட்டிக்கும்மா."

ஓங்கி ஒன்று வைக்கலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரெண்டுக்கும் நடுவில் கேரியரைத் திறந்து குழம்பை ஊற்றினாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் இன்னொன்றும் சொன்னான். பாயின் பிள்ளைகள் துபாயிலேயே தங்கிவிட்டார்கள். கூட நின்று கடையைக் கூட்டாக நடத்து, திங்கட்கிழமை பதில் சொல் என்று பாய் கேட்டிருக்கிறார். இவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பாக்ஸர் கொள்ளுப்பேரன் தார்ப்பாய்க் கடை போட்டான் என்று தெரிந்தால் நைனா வெளியே தலை காட்ட மாட்டார்.

சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை முடிவு செய்தாள். பாஸ்கல் பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்து, தோல் பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பெட்டியை மைதானத்துக்கே எடுத்துப்போய் மேஜைமேல் வைக்கப் போகிறாராம். வாயில் பழைய பாட்டு. அவள் நெத்திலியை முறுகலாக வறுத்து முன்னால் வைத்தாள்.

"ய்யோவ், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே."

"உப்பு ஜாஸ்தியா பூடுச்சா?"

"அதில்ல. தாத்தா ஒருவேள பாக்ஸர் இல்லன்னா?"

பாஸ்கல் சிரித்தார். கண்ணாடிக்குள் அவர் கண் ரெண்டும் பெரிசாகத் தெரிந்தது. "இல்லன்னா அந்த வெள்ளைக்காரன் ஏன்மே கப்பலேறி ஊருக்குப் போனான்?"

குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்து மேற்கொண்டு சொல்ல அவளால் முடியவில்லை. எழுந்து போய் ஒரு பெரிய மெழுகுவத்தி வாங்கினாள். அந்தோணியாரே, நாளைக்குச் சண்டை மட்டும் நடக்கக் கூடாது, நடக்காவிட்டால் இதைக் கொளுத்துகிறேன் என்று வேண்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தில் நிற்க இடமில்லை. அடைக்கலமேரி மகள் டெபோராவை இழுத்துக்கொண்டு ரிங்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பிள்ளைகள் கையுறையோடு வந்து இறங்கியிருந்தார்கள். அத்தோ நூடுல்ஸ் வண்டிக்காரன் முட்டை உடைத்துக்கொண்டே இருந்தான். நடுவில் ரிங். மேலே ஷாமியானா, தரையில் பலகைமேல் வெள்ளைக் கேன்வாஸ் இழுத்துக் கட்டியிருந்தது. நடுவர் மேஜையில் மணிக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. பாஸ்கல் கொம்பைத் திறந்து, சுண்டுவிரலால் மேலாகக் கொஞ்சம் கொழுப்பைச் சுரண்டி மகன் நெற்றியில் தடவினார். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் இது உண்டு.

அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கம் வானம் கறுத்தது. ஒரு காற்று வந்தது பாருங்கள், மண்ணை வாரி எல்லோர் கண்ணிலும் போட்டது. பின்னாலேயே மழை. பத்தே நிமிஷம்தான், ஆனால் ஷாமியானா தண்ணீரைச் சுமந்து தொப்பையாகத் தொங்கி, ஒரு இரும்புக் குழாயை இழுத்துக்கொண்டு ரிங்குக்குள் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. மழை விட்டதும் ஷாமியானாவைத் தூக்கிப் பார்த்தால் கேன்வாஸ் மூலையிலிருந்து ஆள் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. அடைக்கலமேரி இடுப்பு மெழுகுவத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாக வேண்டிவிட்டோமோ என்று பயம் வந்தது.

"அவ்ளோதான், அல்லாரும் கெளம்புங்கப்பா" என்றார் லட்சுமணன். அழுகிற மாதிரி இருந்தது குரல். "கியிஞ்சதுல கால் மாட்னா எலும்பு பூடும். ஞாயித்துக்கெயம எவன் கட தொறந்து கீறான்."

எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை கையுறையைக் கழற்றாமலேயே கண்ணைத் துடைத்தது. மூன்று மாதமாகக் கடற்கரையில் ஓடி ஓடித் தயாரான பிள்ளையாம்.

சைமன் குனிந்து கிழிசலைத் தூக்கி விரலால் தடவினான். "துணி நல்லாத்தான் கீது. ஒரு மணி நேரம் குடுங்க, தைச்சிர்லாம்."

"எத வெச்சி?" என்றார் லட்சுமணன்.

சைமன் மேஜையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். அவன் எடுக்க மாட்டான் என்பது தாய்க்குத் தெரியும். அவளே போய்ப் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்தாள்.

"மேரி, அது வெளாட்டு சாமான் இல்ல" என்றார் பாஸ்கல்.

"தெரியும்யா. அதான் எடுக்கிறேன்."

மகனின் இடது கையில் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. சைமன் கொம்பை வாங்கி, அடிக் கொழுப்பு வரைக்கும் ஒரு ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினான். ஒரு ஊசி வந்தது. இன்னொன்று வந்தது. மொத்தம் மூன்று, முனையில் மூன்று பட்டை வைத்த தடித்த ஊசிகள். சட்டையில் துடைத்ததும் நேற்று வாங்கியது மாதிரி மின்னின.

"ஐயே, மூஞ்சில தடவுற கொயுப்புல ஊசி இன்னாத்துக்கு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பாஸ்கல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

காசிமேட்டு ஆள் ஒருவர் வண்டியிலிருந்து வலை நூல் கொண்டுவந்தார். நூலுக்கு மெழுகு ஏற்ற வேண்டும் என்றான் சைமன். அந்தோணியாரே மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டு அடைக்கலமேரி இடுப்பு மெழுகுவத்தியை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஈரக் கேன்வாஸில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குத்தினான், வில்லையால் அழுத்தினான், இழுத்தான். குத்து, அழுத்து, இழு. ரிங்குக்குள் ஐந்து தடவை திருதிருவென்று முழித்தவன், அதே ரிங்குக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்து தைத்தான். சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஜனம் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். அடைக்கலமேரிக்கு மட்டும் மகனைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் உடைந்துவிடுவாரோ.

பாஸ்கல் கயிற்றைத் தூக்கி ரிங்குக்குள் நுழைந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. மகனுக்கு எதிரில் மெதுவாக மண்டி போட்டுக் கிழிசலின் ரெண்டு ஓரத்தையும் பிடித்தார்.

"இப்டி இய்த்துப் புடிக்கணுமா?"

"ஆமா நைனா. கொஞ்சம் லூசா."

நாலு தையல் போனதும் பாஸ்கல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் வில்லையைப் பார்த்தார்.

"இந்தக் குயி எதுக்குடா?"

"ஊசி வயிக்காம குந்துறதுக்கு நைனா."

"வெள்ளைக்காரன் பல்லு பட்டதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "முப்பத்தஞ்சி வருசமா."

சைமனுக்குக் கை நின்றுவிட்டது. "நைனா" என்றான்.

"தையிடா. அந்தப் பொண்ணு காத்துகினு கீது பாரு."

தைத்து முடித்தபோது வானம் வெளுத்துவிட்டது. ரெண்டு தடியன்கள் தையல்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். ஒரு இழை அசையவில்லை. கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது. சைமன் ஐந்து சண்டையில் வாங்காத கைதட்டல். லட்சுமணன் மைக்கைப் பிடித்து, "அடுத்து சவரிராயன் கொள்ளுப்பேரன்" என்று ஆரம்பித்தார். பாஸ்கல் எட்டி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவன் பேர அடிச்சிருங்க" என்றார். "எம் புள்ள பாக்ஸர் இல்ல. திருவொற்றியூர்ல தார்ப்பாய் தைக்கிறான். நாளைக்கு நான் அங்கதான் போறேன், அவன் மொதலாளியப் பாக்க."

அடைக்கலமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப ஒங்க தாத்தா வெள்ளைக்காரன அடிச்சது?" என்று கீழே இருந்து ஒருவன் கேட்டான்.

பாஸ்கல் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அடிச்சாருன்னு யார்றா சொன்னது? எங்க தாத்தா பாய் தைச்சவரு. கப்பல் பாயி. அவரு தைச்சிக் குடுத்த பாயில காத்து புடிச்சிதான்டா வெள்ளைக்காரன் ஊருக்கே போனான். தைக்காம வுட்டிருந்தா இங்கியே குந்திகினு இருந்திருப்பான்."

"அப்பல்லாம் ஸ்டீம் கப்பல் வந்துருச்சேப்பா" என்றார் லட்சுமணன்.

"ஸ்டீம் கப்பல்ல துணி இருக்காதா? சும்மா இரு லட்சுமணா" என்றார் பாஸ்கல். கூட்டம் விசிலடித்தது. அவர் பெட்டியிலிருந்து மரச் சுத்தியை எடுத்துக்கொண்டு மணிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எண்ணூர்ப் பெண் ரிங்கில் ஏறித் தையல்மேல் கால் ஊன்றி நின்றது.

சைமனின் தங்கச்சி டெபோரா அண்ணன் பக்கம் குனிந்தாள். "பட்ட, கொம்பு அல்லாம் எதுக்குன்னு தெரிஞ்சி போச்சி. அந்தச் சுத்தி எதுக்குன்னு சொல்லவேல்லியே?"

சைமன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள்.

"அதுவா? அது மணி அடிக்கிறதுக்குதான்" என்றான்.

பாஸ்கல் கையை ஓங்கி மணியில் ஒன்று போட்டார்.